வார்ப்பிரும்பின் இயந்திர வெட்டுத்தகவைத் தீர்மானிக்கும் காரணிகள்

வார்ப்பிரும்பின் இயந்திர வெட்டுத்தகவு என்பது, வார்ப்பிரும்பால் ஆன ஒரு பொருளைக் கடைதல், துளையிடல், மில்லிங், மரை வெட்டுதல் போன்ற வேலைகள் மூலம் தேவையான வடிவத்துக்கும் அளவுக்கும் எவ்வளவு எளிதாகவும் சிக்கனமாகவும் கொண்டுவர முடியும் என்பதைக் குறிக்கும் பண்பாகும். பட்டறைகளில் இது மெஷினபிலிட்டி என்று வழங்கப்படுகிறது.

பொறியியலில் பயன்படும் இரும்பு வகைகளில் சாம்பல் வார்ப்பிரும்பு மிக எளிதாக வெட்டக்கூடிய ஒன்று. வெள்ளை வார்ப்பிரும்போ சாதாரண வெட்டுளிகளால் ஏறத்தாழ வெட்டவே முடியாதது. இவை இரண்டும் ஒரே உலையில் உருகிய, ஒரே லேடிலில் இருந்து ஊற்றிய உலோகத்திலிருந்தே கிடைக்கக்கூடும். ஒரே வார்ப்பின் தடித்த பகுதி சாம்பலாகவும் அதன் மெல்லிய விளிம்பு வெள்ளையாகவும் அமைவதும் உண்டு. எனவே வார்ப்பிரும்பு எளிதில் வெட்டப்படுமா என்பது பெரும்பாலும் கடைசல் இயந்திரத்தில் அல்லாமல், வார்ப்பகத்தில் உருகிய இரும்பு உறையும் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது. வெட்டுளி, வேகம், ஊட்டம் ஆகியவற்றைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் கிடைக்கும் பயனெல்லாம் அந்த முடிவின் எல்லைக்குள்தான் அடங்கும்.

வெட்டுத்தகவை அளவிடும் முறைகள்

இழுவலிமை, கடினத்தன்மை ஆகியவற்றைப் போல வெட்டுத்தகவை ஒரே எண்ணால் குறிப்பிட இயலாது. நடைமுறையில் நான்கு அளவுகோல்கள் பயன்படுகின்றன.

1. வெட்டுளியின் ஆயுள்: வெட்டுளியின் முனை குறிப்பிட்ட அளவு தேயும் வரை எத்தனை நிமிடங்கள் வெட்டுகிறது என்பது. ஒருமுனை வெட்டுளிகளுக்கான பன்னாட்டுத் தர முறையான ஐஎஸ்ஓ 3685, பக்கவாட்டுத் தேய்மானத்தின் சராசரி 0.3 மி.மீ. ஆகும்போது ஆயுள் முடிந்ததாகக் கொள்கிறது.
2. வெட்டு விசையும் மின்திறன் செலவும்.
3. வெட்டிய பரப்பின் வழவழப்பும் அளவுத் துல்லியமும்.
4. சீவலின் வடிவம்: சீவல் தானாக உடைந்து விழுகிறதா, நீண்ட சுருளாகச் சிக்குகிறதா என்பது.

இவற்றுள் வெட்டுளியின் ஆயுளே செலவை அதிகம் பாதிப்பதால் அதுவே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் பல ஆண்டுகள் செய்த சோதனைகளின் முடிவுகளை 1906-இல் வெளியிட்டார். வெட்டு வேகத்துக்கும் வெட்டுளி ஆயுளுக்கும் இடையிலான தொடர்பை அவர் ஒரு சமன்பாடாக எழுதினார். வெட்டு வேகத்தை வி என்றும் ஆயுளை டி என்றும் கொண்டால், 'வி'யை 'டி'யின் என் அடுக்கால் பெருக்கக் கிடைப்பது ஒரு மாறிலி என்பது அதன் பொருள். டங்ஸ்டன் கார்பைடு வெட்டுளிக்கு இந்த என் மதிப்பு சுமார் 0.25 எனக் கொண்டால், வேகத்தை 20 விழுக்காடு கூட்டும்போது வெட்டுளியின் ஆயுள் பாதிக்கும் சற்றுக் கீழாகக் குறைந்துவிடும். வார்ப்பு சற்றுக் கடினமாகிவிட்டாலும் இதே நிலைதான். பழைய வேகத்திலேயே ஓட்டினால் முனை விரைவில் மழுங்கும். முனையைக் காக்க வேகத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும்.

கார்பனின் வடிவம்

வார்ப்பிரும்பில் பொதுவாக 2.5 முதல் 4 விழுக்காடு வரை கார்பனும், 1 முதல் 3 விழுக்காடு வரை சிலிக்கனும் உள்ளன. இவ்வளவு கார்பனை இரும்பு தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. உறையும்போது மிகுதிக் கார்பன் இரண்டு வழிகளில் ஒன்றில் வெளிப்படுகிறது. ஒன்று, தனிக் கார்பனாகிய கிராபைட். மற்றொன்று, இரும்புடன் சேர்ந்த சேர்மமாகிய சிமென்டைட், அதாவது இரும்புக் கார்பைடு. வெட்டுத்தகவைத் தீர்மானிக்கும் காரணிகள் அனைத்தும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் கார்பன் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதையே பாதிக்கின்றன.

கிராபைட் பென்சில் முனையில் உள்ள அதே மென்மையான பொருள். அதன் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே எடையில் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தாலும், கன அளவில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்தை நிரப்புகிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் இது மெல்லிய இதழ்களாகப் பரவியிருக்கும். வெட்டுளி முன்னேறும்போது இந்த இதழ்கள் விரிசல் பாதைகளாகச் செயல்பட்டுச் சீவலைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. அதனால் வெட்டு விசை எஃகைவிடக் குறைவாகவே தேவைப்படுகிறது. கிராபைட் வெட்டுளிக்கும் சீவலுக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் மசகுப் பொருளாகவும் பயன்படுகிறது. கடைசல் பட்டறையில் சாம்பல் வார்ப்பிரும்பு சீவல் சுருளாக வராமல் கரிய தூளாக உதிர்வதற்கும், வேலை செய்பவரின் கை கறுத்துப்போவதற்கும் இதுவே காரணம்.

கிராபைட்டைச் சுற்றியுள்ள தாய் உலோகத்தில் பொதுவாக இரண்டு அமைப்புகள் காணப்படும். ஃபெரைட் என்பது மென்மையான, ஏறத்தாழ கார்பன் இல்லாத இரும்பு. பெர்லைட் என்பது ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மிக மெல்லிய தகடுகளாக அடுக்கடுக்காக அமைந்த கலவை. பெர்லைட் கூடக்கூட வலிமையும் தேய்மான எதிர்ப்பும் உயர்கின்றன. வெட்டுளியின் ஆயுள் படிப்படியாகக் குறைகிறது. ஆனால் இந்த மாற்றம் சீரானது, முன்கூட்டியே கணிக்கத்தக்கது. முழுவதும் பெர்லைட்டாக உள்ள இயந்திர எஞ்சின் உருளைகளும் பிரேக் டிஸ்க்குகளும் நாள்தோறும் பெரும் எண்ணிக்கையில் சிக்கலின்றிக் கடையப்படுகின்றன.

தனித்து நிற்கும் சிமென்டைட்டுதான் உண்மையான தடை. இதன் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 800 முதல் 1000 வரை. அதிவேக எஃகு வெட்டுளியின் கடினத்தன்மையும் ஏறத்தாழ இதே அளவுதான். வெட்டும் பொருளிலுள்ள துகளும் வெட்டும் முனையும் ஒரே கடினத்தன்மை கொண்டிருந்தால் முனை தேய்வதைத் தவிர்க்க முடியாது. டங்ஸ்டன் கார்பைடு இதைவிடக் கடினமானது என்றாலும் எளிதில் நொறுங்கக்கூடியது. சாம்பல் இரும்பை வெட்டிக்கொண்டிருக்கும் முனை திடீரென்று ஒரு சிமென்டைட் திட்டில் மோதும்போது முனை சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. இத்தகைய திட்டே பட்டறைகளில் ஹார்டு ஸ்பாட் எனப்படுகிறது.

கடினத்தன்மை எண் மட்டும் போதாதது ஏன்

வார்ப்பைப் பெறும் கடைசல் பட்டறைகள் வழக்கமாகக் கேட்பது பிரினெல் கடினத்தன்மை எண். சாம்பல் வார்ப்பிரும்பு பொதுவாக 150 முதல் 250 பிரினெல் வரை இருக்கும். ஒரே அமைப்புள்ள வார்ப்புகளை ஒப்பிட இந்த எண் பயனுள்ளது. எண் கூடினால் வெட்டுத்தகவு குறையும் என்பது பொதுவாகச் சரியே.

ஆனால் பிரினெல் சோதனையில் 10 மி.மீ. விட்டமுள்ள குண்டு 3000 கிலோ விசையில் அழுத்தப்படுகிறது. 200 பிரினெல் கடினத்தன்மையுள்ள இரும்பில் அது பதிக்கும் குழியின் விட்டம் சுமார் 4.3 மி.மீ. இந்தப் பரப்புக்குள் கிராபைட், ஃபெரைட், பெர்லைட், சிமென்டைட் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. சோதனை தருவது அவை அனைத்தின் சராசரியை மட்டுமே. மென்மையான கிராபைட்டும் ஃபெரைட்டும் சேர்ந்து, சில விழுக்காடு சிமென்டைட்டின் விளைவை அந்தச் சராசரியில் மறைத்துவிடக்கூடும். வெட்டுளியின் முனையோ சராசரியைச் சந்திப்பதில்லை. ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகச் சந்திக்கிறது. ஆகவே ஒரே பிரினெல் எண் கொண்ட இரண்டு வார்ப்புகளில் ஒன்று எளிதாகக் கடையப்படுவதும் மற்றொன்று முனைகளைத் தின்றுவிடுவதும் இயல்பே. ஐயம் எழும்போது மாதிரியை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி.

வேதியியல் இயைபு

*கார்பனும் சிலிக்கனும்:* இவை இரண்டும் கிராபைட் உருவாவதை ஊக்குவிக்கின்றன. இவற்றின் கூட்டு விளைவு கார்பன் சமன் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. கார்பன் விழுக்காட்டுடன், சிலிக்கன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் கார்பன் சமன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3.4 விழுக்காடு கார்பன், 2.1 விழுக்காடு சிலிக்கன், 0.1 விழுக்காடு பாஸ்பரஸ் கொண்ட இரும்பின் கார்பன் சமன் சுமார் 4.13. கார்பன் 3.1, சிலிக்கன் 1.5, பாஸ்பரஸ் 0.1 என்றால் அது சுமார் 3.63. முதலாவது மென்மையாகவும் எளிதில் வெட்டத்தக்கதாகவும் இருக்கும். இரண்டாவது வலிமை மிக்கது. ஆனால் மெல்லிய பகுதிகளில் வெண்மையாகும் ஆபத்து கூடியது. சாம்பல் வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 210-இல் எஃப்ஜி 150, எஃப்ஜி 200, எஃப்ஜி 260 என வகைகள் உயர்கின்றன. இந்த எண்கள் குறைந்தபட்ச இழுவலிமையைக் குறிப்பவை. வரைபடத்தில் தேவைக்கு மேலான வகையைக் குறிப்பிட்டால், அதற்கான விலையைக் கடைசல் பட்டறையும் வெட்டுளிகளில் கொடுக்க நேரிடும்.

*மாங்கனீசும் கந்தகமும்:* கந்தகம் தனித்து விடப்பட்டால் சிமென்டைட் உருவாவதைத் தூண்டும். மாங்கனீசு அதனுடன் சேர்ந்து மாங்கனீசு சல்பைடு என்ற மென்மையான துகளாக்கி அதைக் கட்டுப்படுத்துகிறது. இதற்கு வார்ப்பகங்கள் பயன்படுத்தும் வழக்கமான விதி, கந்தக விழுக்காட்டின் 1.7 மடங்குடன் 0.3 கூட்டிய அளவு மாங்கனீசு வேண்டும் என்பது. கந்தகம் 0.08 எனில் மாங்கனீசு சுமார் 0.44 விழுக்காடு. இதைவிட மிகுந்தால் மாங்கனீசே பெர்லைட்டையும் கார்பைடையும் நிலைப்படுத்தத் தொடங்கும்.

மாங்கனீசு சல்பைடு துகள்கள் வெட்டுத்தகவுக்கு நன்மை செய்கின்றன. சீவல் உடைவதற்கு உதவுவதுடன், அதிவேகத்தில் வெட்டும்போது வெட்டுளியின் முனைமேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கின்றன. கந்தகம் மிகக் குறைவாக இருப்பதும் குறையே என்பது பலரும் எதிர்பாராத செய்தி. நிலக்கரியிலிருந்து பெறும் கோக்கை எரிக்கும் குபோலா உலையில் இரும்பு கோக்கிலிருந்து கந்தகத்தை எடுத்துக்கொள்கிறது. மின் தூண்டல் உலையில், குறிப்பாக எஃகுக் கழிவை அதிகம் உருக்கும்போது, கந்தகம் குறைந்துவிடுகிறது. கிராபைட் முளைவிடுவதற்கான கருக்களும் அத்துடன் குறைவதால், தூய்மையான இந்த இரும்பு எளிதில் வெண்மையாகிறது. அதனால் பல வார்ப்பகங்கள் இரும்பு சல்பைடைச் சேர்த்துக் கந்தகத்தை வேண்டிய அளவுக்கு உயர்த்துகின்றன.

*பாஸ்பரஸ்:* இது உருகிய இரும்பு எளிதாக ஓட உதவுகிறது. அளவு மிகுந்தால் இறுதியாக உறையும் இடங்களில் ஸ்டெடைட் என்ற கடினமான வலைப்பின்னலை உருவாக்கி வெட்டுளியைத் தேய்க்கிறது.

*கார்பைடு உருவாக்கும் தனிமங்கள்:* குரோமியம், வனேடியம், மாலிப்டினம் ஆகியவை கார்பைடை நிலைப்படுத்துகின்றன. வலிமைக்காக இவற்றை வேண்டுமென்றே சேர்ப்பது ஒரு வகை. வகை பிரிக்காத கழிவு எஃகின் வழியாகக் குரோமியம் தெரியாமல் நுழைவது மற்றொரு வகை. வார்ப்பகங்களைத் தொல்லைப்படுத்துவது இதுவே. டைட்டானியம் மிகக் கடினமான நுண்துகள்களை உருவாக்கி, கடினத்தன்மை எண்ணைக் கூட்டாமலேயே வெட்டுளியின் ஆயுளைக் குறைக்கும். நிக்கல், செம்பு ஆகியவை மாறாகக் கிராபைட்டுக்குத் துணைசெய்கின்றன. சிமென்டைட்டை உருவாக்காமல் பெர்லைட்டைக் கூட்டுகின்றன.

குளிரும் வேகமும் சுவர்த் தடிமனும்

கிராபைட் வளர்வதற்குக் கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்து ஒன்றுசேர வேண்டும். அதற்கு நேரம் தேவை. உருகிய இரும்பு மெதுவாகக் குளிர்ந்தால் அந்த நேரம் கிடைக்கிறது. வேகமாகக் குளிர்ந்தால் கார்பன் அங்கேயே இரும்புடன் சேர்ந்து சிமென்டைட்டாக உறைந்துவிடுகிறது. எனவே ஒரே இயைபு 40 மி.மீ. தடிமனில் மென்மையான சாம்பல் இரும்பையும், 4 மி.மீ. தடிமனில் வெள்ளை இரும்பையும் தரக்கூடும். வெள்ளையும் சாம்பலும் கலந்த இடைநிலை புள்ளி இரும்பு எனப்படுகிறது.

வார்ப்பகத்தில் இதை முன்கூட்டியே அறிய ஆப்புச் சோதனை செய்யப்படுகிறது. ஆப்பு வடிவ மாதிரியை வார்த்து, குளிர்ந்தபின் உடைத்துப் பார்ப்பார்கள். கூர்முனையில் வெள்ளைப் பகுதியும், அதையடுத்துப் புள்ளிப் பகுதியும், தடித்த பக்கத்தில் சாம்பல் பகுதியும் தெரியும். வெள்ளைப் பகுதி எவ்வளவு அகலமோ அந்த இரும்பு மெல்லிய சுவர்களில் கடினமாகும் இயல்பும் அவ்வளவு அதிகம். விலை குறைந்த, சில நிமிடங்களில் முடிவு தரும் இச்சோதனையை லேடிலில் இருந்து ஊற்றுவதற்கு முன்பே செய்துவிடலாம்.

குளிரும் வேகத்தை மாற்றும் பிற காரணிகள் பல. அவற்றுள் அடிக்கடி சிக்கல் தருபவை:

- வார்ப்பு மணலில் ஈரம் மிகுதியாக இருப்பது.
- இரும்பு போதிய சூடின்றி ஊற்றப்பட்டு, அச்சின் கடைக்கோடியை அடையும்போது ஆறிப்போவது.
- அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் கசிந்து உறையும் மெல்லிய பிசிறு. இது உறுதியாக வெள்ளையாகவே உறையும். அதன் வேர் வார்ப்பின் விளிம்பிலும் சற்று இறங்கியிருக்கலாம்.
- வார்ப்பை மணலிலிருந்து மிக விரைவில் உடைத்தெடுப்பது. உறைதல் முடிந்துவிட்டதால் இது சிமென்டைட்டை உருவாக்காது. ஆனால் பெர்லைட்டைக் கூட்டியும் மென்தகடுகளாக்கியும் கடினத்தன்மையை உயர்த்தும்.

இனாகுலேஷன்

உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு சிறு அளவு ஃபெரோசிலிக்கன் துகள்களைச் சேர்ப்பது இனாகுலேஷன் எனப்படும். பொதுவாக இதில் சுமார் 75 விழுக்காடு சிலிக்கனும், சிறு அளவில் கால்சியம், அலுமினியம், பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியமும் இருக்கும். சேர்க்கும் அளவு உலோக எடையில் 0.1 முதல் 0.5 விழுக்காடு வரை. இதன் முதன்மை நோக்கம் சிலிக்கனைக் கூட்டுவது அல்ல. கிராபைட் முளைவிடுவதற்கு எண்ணற்ற கருக்களைத் தருவது. கருக்கள் மிகுந்தால் மெல்லிய சுவரிலும் கார்பன் கிராபைட்டாகவே வெளிப்படும்.

இதன் பலன் நேரத்துடன் கரைந்துபோகும். சேர்த்தபின் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். ஒரே லேடிலில் முதலில் ஊற்றிய அச்சு நன்றாக இருந்து, கடைசியாக ஊற்றிய அச்சு கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊற்றும் தாரையிலேயே நுண்துகள்களைத் தூவுவது இதற்கான மாற்று வழி.

மேற்பரப்பின் நிலை

வார்ப்பின் உட்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேற்பரப்பில் ஒட்டிய மணல் வெட்டுளியைக் கெடுத்துவிடும். வார்ப்பு மணலிலுள்ள சிலிக்கா சிமென்டைட்டைவிடவும் கடினமானது. மணல் தளர்வாக இடிக்கப்பட்டிருந்தாலோ உலோகம் அளவுக்கு மேல் சூடாக இருந்தாலோ, உலோகம் மணல் மணிகளுக்கிடையே ஊடுருவி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. எனவே கடைவதற்கு முன் குண்டு வீச்சு முறையில் தூய்மை செய்தல் தேவை. முதல் வெட்டு மேல்தோலுக்குக் கீழே இறங்கும் அளவு ஆழமாக இருக்க வேண்டும். முனையைக் காப்பதாக எண்ணி மெல்லிய முதல் வெட்டு எடுத்தால், முனை மணலும் கடினத் தோலும் உள்ள அடுக்கிலேயே உராய்ந்து விரைவில் அழியும். இதற்கு இடம்தரும் வகையில் வார்ப்பில் போதிய மிகுதி தடிமன் விடப்பட வேண்டும்.

வகைகளுக்கிடையிலான வேறுபாடு

*சாம்பல் வார்ப்பிரும்பு:* எளிதில் வெட்டத்தக்கது. தூளாக உதிரும் சீவல், குறைந்த விசை.

*முடிச்சுக் கிராபைட் வார்ப்பிரும்பு:* எஸ்ஜி அயர்ன் என வழங்குவது. மக்னீசியம் சேர்ப்பதால் கிராபைட் இதழாக இல்லாமல் உருண்டையாகிறது. விரிசல் பாதைகள் குறைவதால் சீவல் சற்று நீளமாகவும் விசை அதிகமாகவும் இருக்கும். எஸ்ஜி 400/15 போன்ற ஃபெரைட் வகைகள் மென்மையானவை. ஆனால் குறைந்த வேகத்தில் முனையில் உலோகம் ஒட்டிக்கொள்ளும். இவ்வகையில் மாங்கனீசு மிகுந்தால், இறுதியாக உறையும் இடங்களில் கார்பைடு சேர்ந்துவிடும்.

*புழுவடிவக் கிராபைட் வார்ப்பிரும்பு:* வலிமையில் இரண்டுக்கும் இடைப்பட்டது. டீசல் எஞ்சின் பிளாக்குகளுக்குப் பயன்படுகிறது. இதைத் தயாரிக்கக் கந்தகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் மாங்கனீசு சல்பைடு படலம் உருவாவதில்லை. அதனால் அதிவேகத் துளை பெருக்கலில் வெட்டுளியின் ஆயுள் சாம்பல் இரும்பில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையக்கூடும்.

*நெகிழ் வார்ப்பிரும்பு:* மாலியபிள் எனப்படுவது. வெள்ளையாக வார்த்து, நீண்ட வெப்பப் பதனத்தால் சிமென்டைட்டைச் சிதைத்துப் பெறப்படுகிறது. பதனம் முழுமையாக இருந்தால் மிக நன்றாக வெட்டப்படும்.

*வெள்ளை வார்ப்பிரும்பு:* அரைப்பு இயந்திரங்களின் தேய்மானப் பகுதிகளுக்கு உரியது. சாணைக்கல்லால் அரைத்தோ, கனசதுர போரான் நைட்ரைடு வெட்டுளியாலோதான் முடிக்க இயலும்.

வெட்டுளியும் வெட்டு நிலைகளும்

வார்ப்பிரும்புக்கான டங்ஸ்டன் கார்பைடு இன்சர்ட்டுகளை ஐஎஸ்ஓ 513 தரம் கே வகை என்று பிரித்துச் சிவப்பு நிறத்தால் அடையாளப்படுத்துகிறது. எஃகுக்குரிய நீல நிற பி வகை இன்சர்ட்டை வார்ப்பிரும்பில் பயன்படுத்துவது பட்டறைகளில் காணப்படும் பொதுவான தவறு. வார்ப்பிரும்பில் முதன்மைத் தேய்மானம் உராய்வால் வருவதால், அதற்குத் தேய்மான எதிர்ப்பு மிக்க, உறுதியான முனை வேண்டும். சாய்கோணம் பூச்சியத்தை ஒட்டியோ எதிர்மறையாகவோ வைக்கப்படுகிறது.

சாம்பல் வார்ப்பிரும்பைக் கடைய அதிவேக எஃகுக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 மீட்டரும், கார்பைடுக்கு அதைப்போல் பல மடங்கும் வழக்கமான வேகங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள பொருளை நிமிடத்துக்கு 90 மீட்டர் வேகத்தில் வெட்ட, கதிர்த்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்றுகள் சுழல வேண்டும். பெர்லைட் மிகுந்த சாம்பல் இரும்பில் போரான் நைட்ரைடு வெட்டுளிகள் நிமிடத்துக்கு 500 மீட்டருக்கு மேலும் வெட்டுகின்றன. ஃபெரைட் மிகுந்தால் அவை வேதிவினையால் விரைவில் தேயும். மென்மையான இரும்பு எப்போதும் எளிதாக வெட்டப்படும் என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது.

ஹார்டு ஸ்பாட் இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோது வேகத்தைக் குறைத்து, ஊட்டத்தை மிகவும் குறைக்காமல் ஓட்டுவது நல்லது. ஊட்டம் மிகச் சிறிதானால் முனை வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். வெட்டு முடியும் விளிம்பில் வார்ப்பு பெயர்ந்து விழாமல் இருக்க, அந்த இடத்தில் ஊட்டத்தைக் குறைப்பதோ விளிம்பை முன்பே சரிவாக்குவதோ உதவும். சாம்பல் இரும்பு பெரும்பாலும் குளிர்விப்பு நீர்மம் இன்றியே கடையப்படுகிறது. அப்போது எழும் தூளை உறிஞ்சி அகற்றுவது இயந்திரத்தின் வழுக்குத் தளங்களுக்கும் தொழிலாளரின் நுரையீரலுக்கும் தேவையானது.

வெப்பப் பதனத்தால் மீட்டல்

கடினமாகிவிட்ட வார்ப்பை எப்போதும் கழித்துவிட வேண்டியதில்லை. பெர்லைட் மிகுதி மட்டுமே காரணம் என்றால் 700 முதல் 760 பாகை செல்சியசில் பதனிட்டு மென்மையாக்கலாம். தனிச் சிமென்டைட் இருந்தால் அதைச் சிதைக்க 900 பாகைக்கு மேல் சூடாக்கிச் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இதனால் வலிமை குறையும். எரிபொருள் செலவும் வார்ப்பு கோணும் ஆபத்தும் கூடும். எனவே இது இறுதி வழியே அன்றி வழக்கமான வழி அன்று.

நடைமுறையில் காரணத்தைக் கண்டறிதல்

கோயம்புத்தூர்ப் பகுதி மோட்டார் பம்புத் தயாரிப்புக்கும் வார்ப்பகங்களுக்கும் பெயர்பெற்றது. பம்பு உறை, மோட்டார் மூடி போன்ற வார்ப்புகளில் தடித்த மையமும் மெல்லிய விளிம்பும் அருகருகே அமைகின்றன. இயைபைத் தடித்த பகுதிக்கு ஏற்ப அமைத்தால் விளிம்பு வெண்மையாகலாம். விளிம்புக்கு ஏற்ப அமைத்தால் மையம் வலிமை குன்றலாம். இத்தகைய வார்ப்புகளில் முனை உடையும்போது வார்ப்பகம் வெட்டுளியையும், கடைசல் பட்டறை இரும்பையும் குறை சொல்வது வழக்கம். குறை எங்கே தோன்றுகிறது என்பதே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிவிடும்.

- மெல்லிய விளிம்பிலும் மூலைகளிலும் மட்டும் கடினம் என்றால், கார்பன் சமன் குறைவு, இனாகுலேஷன் போதாமை அல்லது ஊற்றும் சூடு குறைவு.
- அச்சு சேரும் கோட்டை ஒட்டி மட்டும் என்றால், பிசிறு.
- முதல் வெட்டில் மட்டும் முனை தேய்ந்து, இரண்டாம் வெட்டு இயல்பாக இருந்தால், ஒட்டிய மணல்.
- லேடிலின் கடைசி வார்ப்புகளில் மட்டும் என்றால், இனாகுலேஷன் பலன் மறைந்தது.
- ஓர் உருக்கின் எல்லா வார்ப்புகளிலும், தடித்த பகுதியிலும் கூட என்றால், இயைபு. குறிப்பாகக் கழிவு எஃகில் வந்த குரோமியம்.
- வார்ப்பு மாறாதபோதும் எல்லா இடத்திலும் சீராக முனை விரைவில் தேய்ந்தால், வேகமோ இன்சர்ட் வகையோ மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு உருக்குக்கும் இயைபு, ஆப்புச் சோதனை அளவு, ஊற்றிய நேரம் ஆகியவற்றை வார்ப்பகம் குறித்துவைத்து, வார்ப்பின்மேல் உருக்கு எண்ணைப் பொறித்து அனுப்பினால், கடைசல் பட்டறையில் உடைந்த முனையிலிருந்து அதன் காரணம்வரை பின்தொடர முடியும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில், ஒரே குறை மீண்டும் மீண்டும் வெவ்வேறு பெயர்களில் திரும்பி வருகிறது.